ஆறு மாதக் கணக்கு

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் ஒரு சட்டம் சொல்வார்கள். வெளிநாட்டு விசா வைத்திருப்பவர் ஊருக்கு வந்தால், ஆறு மாதம் முடிவதற்குள் திரும்பிப் போய் அங்கே ஒரு தடவை கால் குத்திவிட வேண்டும். கால் குத்துவது என்றால், விமானத்திலிருந்து இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, அந்த மண்ணில் நின்றுவிட்டு வருவது. பத்து நாள் இருக்கலாம், இரண்டே நாளிலும் திரும்பலாம். கால் குத்தியவருக்கு அடுத்த ஆறு மாதம் நிம்மதி. குத்தாதவருக்கு விசா போச்சு. ரேஷன் கடை என்றைக்குத் திறக்கும் என்பதில்கூட எங்கள் சந்தில் இரண்டு கருத்து இருக்கும். இந்த ஆறு மாதத்தைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது.

வளைகுடா நாடுகளைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் உண்மைதான். நான் அதைக் கனடாவுக்குக் கடைப்பிடித்தேன். சும்மா கடைப்பிடிக்கவில்லை, நாலு வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல், விரதம் மாதிரி கடைப்பிடித்தேன். அதனால்தான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துப்புரவு வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா கார்ப்பரேஷனில் வேலை பார்க்கும்போதே போய்விட்டார். அந்த வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. பஜார் தெருவில் மிளகும் சுக்கும் சிந்திக் கிடக்கிற கிட்டங்கி வாசல்களை விடியற்காலையில் பெருக்கி, தும்மித் தும்மி, என்னைப் படிக்க வைத்தாள். நான் ஒரே பிள்ளை. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எனக்குத் தமிழ் சரளமாக எழுத வந்ததே கோயம்புத்தூரில் நர்ஸிங் படித்தபோதுதான். அம்மா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஒரு மாடிப் பகுதிக்கு வாடகைக்கு வந்தோம்.

கீழே வீட்டுக்காரர்கள். அவரை நான் இக்கா என்றும், அவர் மனைவியை இத்தா என்றும் கூப்பிடுவேன். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். இக்கா தன் வாழ்க்கையின் பாதியை வளைகுடாவில் ஒரு துணிக்கடையில் கழித்தவர். எங்கள் சந்தின் விசா விவகாரங்களுக்கு அவர்தான் ஹைகோர்ட். சாயங்காலம் வாசல்படியில் சாயா டம்ளரோடு உட்கார்ந்திருப்பார். பாஸ்போர்ட்டும் கையுமாக யாராவது ஒருவர் எதிரே நின்றுகொண்டிருப்பார்.

நானும் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள்தான். நர்ஸிங் முடித்ததும் முதலில் வளைகுடாவுக்குத்தான் போனேன். எங்கள் ஹாஸ்டலில் பிரசவத்துக்கு ஊருக்குப் போன நர்ஸுகள் ஆறு மாதம் முடிகிற வாரத்தில் வந்து இறங்குவார்கள். கைக்குழந்தையை ஊரில் தாயிடம் விட்டுவிட்டு, பால் கட்டிய மார்போடு, காய்ச்சலோடு, நேராக வார்டுக்கு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு நான் முட்டைக்கோஸ் இலை வாங்கி வந்து கொடுத்திருக்கிறேன், மார்பில் வைத்துக் கட்ட. ஆறு மாதம் என்பது அப்படித்தான் என் உடம்பில் ஏறியது. படித்துத் தெரிந்துகொண்ட விஷயத்தை மறுபடி படித்துச் சரிபார்க்கலாம். உடம்பில் ஏறியதை யார் சரிபார்க்கிறார்கள்?

பல வருடம் முயன்று, பரீட்சை எழுதி, குடியேற்றத்துக்கு வேண்டிய புள்ளி சேர்த்து, கனடாவில் நிரந்தரக் குடியுரிமை அட்டை வாங்கினேன். உண்மையில் அது குடியுரிமை இல்லை. அங்கே நிரந்தரமாக வாழலாம் என்ற அனுமதி, அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. "எம் மக இனி கனடாக்காரி" என்று மீன்காரியிடம் சொன்னாள், பென்ஷன் வாங்கப் போன இடத்தில் சொன்னாள், பழைய மேஸ்திரியைத் தேடிப் போய்ச் சொன்னாள். பெருக்குகிறவள் மகள் என்று என்னைச் சொன்ன வாய்களையெல்லாம் அந்த அட்டையை வைத்து ஒருமுறை அடைத்துவிட்டாள்.

அங்கே ஒரு வருடம் இருந்தேன். குளிரைப் பற்றி எழுதப் போவதில்லை, எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. நர்ஸாக வேலை பார்க்க அவர்கள் ஊர் உரிமம் வேண்டும், அதற்கான தேர்வுகளில் ஒன்றை முடித்திருந்தேன். ஒரு வீட்டின் நிலவறையில், கோட்டயத்துக்காரி ஒருத்தியோடு அறை. ஜன்னல் தரை மட்டத்தில் இருக்கும், அதில் போகிற வருகிறவர்களின் காலணி மட்டும் தெரியும். அப்படியும் அந்த அறையை எனக்குப் பிடித்திருந்தது. அங்கே நான் யார் மகள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அம்மா குளியலறையில் விழுந்தாள். இத்தாதான் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிட்டாள். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நான் ஒரு மாத லீவில் வந்தேன். அம்மா இடது கையால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். தூங்கும்போதும் விடவில்லை. ஒரு மாதம் இரண்டானது, நாலானது. பேச்சில் சில சொற்கள் மட்டும் திரும்பி வந்தன. சோறு. வலி. எத்தனை. மாசம். அவ்வளவுதான்.

ஐந்தாவது மாதம் இக்கா மாடியேறி வந்தார். முட்டிவலிக்காரர், மூச்சு வாங்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மோளே, ஆறு மாசம் திகையுந்நதினு முன்பு ஒரு வட்டம் போயி கால் குத்திட்டு வா. அத்ர மதி. அம்மையெ இத்தா நோக்கும்."

ஆறு மாதம் ஆவதற்குள் ஒருமுறை போய் வந்தால் போதும், அம்மாவை இத்தா பார்த்துக்கொள்வாள் என்றார். நான் அழுதேவிட்டேன். அவ்வளவு எளிதாகத் தீர்கிற விஷயம் என்று நினைக்கவில்லை. அட்டையும் போக வேண்டாம், அம்மாவையும் விட வேண்டாம். இக்கா என் தலையில் கை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து என் வருடம் இரண்டாகப் பிரிந்தது. ஆறு மாதம் அம்மா, பத்து நாள் கனடா, மறுபடி ஆறு மாதம் அம்மா. இத்தா அம்மாவை எட்டிப் பார்த்துக்கொள்ள, இங்கே பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பகல் ஷிஃப்ட் பார்த்துச் சம்பாதித்ததெல்லாம் டிக்கெட்டுக்கே போனது.

என் கனடா கோட்டு அலமாரி மேல் இருக்கும். கனமான கறுப்புக் கோட்டு. மட்டாஞ்சேரியின் ஈரத்தில் ஆறு மாதத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் அதை எடுத்து மொட்டைமாடிக் கொடியில் வெயிலில் போடுவேன். சந்து முழுக்கத் தெரிந்துவிடும். "போகாறாயோ?" என்று, போகிற நேரம் ஆகிவிட்டதா என்று, நாலு வீட்டிலிருந்து கேட்பார்கள். அம்மாவுக்கும் தெரிந்துவிடும். கோட்டைக் கீழே இறக்குகிற அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். நான் கிளம்புகிற வரைக்கும் முகத்தைக் காட்ட மாட்டாள்.

அந்தப் பத்து நாளும் இத்தா தன் முட்டிவலியோடு மாடிப்படி ஏறி இறங்கி அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டாள் என்று சொன்னால் போதாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை வாரிப் பின்னி, பவுடர் போட்டு உட்கார்த்தி வைப்பாள். ஒருமுறை நான் புறப்படும்போது அம்மாவின் இடுப்பில் படுக்கைப் புண் ஒன்று தொடங்கியிருந்தது. திரும்பி வந்தபோது அது ஆறியிருந்தது. படித்த நர்ஸ் நான்தான்.

சாப்பாடும் அப்படித்தான். நான் ஊட்டினால் அம்மா பாதிக் கஞ்சியோடு வாயை மூடிக்கொள்வாள். கெஞ்சினாலும் மிரட்டினாலும் திறக்க மாட்டாள். இத்தாவிடம் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவாளாம். எப்படி என்று கேட்டேன். "கழிச்சால் மோள் வேகம் வரும்னு பறயும்" என்றாள் இத்தா. சாப்பிட்டால் மகள் சீக்கிரம் வருவாள் என்று சொல்லிச் சொல்லி ஊட்டியிருக்கிறாள். அதைக் கேட்டு எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

திரும்பி வந்து பெட்டியை வைத்ததும் அம்மா கேட்பது ஒரே ஒரு கேள்வி. "எத்தன மாசம்?" சொல் உடைந்து, எச்சிலோடு வரும்.

"ஆறு மாசம்மா."

இடது கையை ஒருமுறை அசைப்பாள். சரி என்கிறாளா, போ என்கிறாளா என்று எனக்குத் தெரிந்ததில்லை.

கனடா விமான நிலையத்தில் அதிகாரி ஒவ்வொரு முறையும் கேட்பார், எவ்வளவு காலம் வெளியே இருந்தாய் என்று. ஆறு மாதம் ஆகவில்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஏதோ பரீட்சையில் சரியான விடை சொன்ன மாதிரி. சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் எல்லோருமே கடைசியில் "வெல்கம் ஹோம்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. நான் அதைச் சட்டபூர்வமான ரசீது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பத்து நாளும் நான் போய்த் தங்குகிற கோட்டயத்துக்காரி ஒருமுறை கேட்டாள், ஏதோ இரண்டு வருடக் கணக்கு ஒன்று உண்டே, உனக்கு அது இல்லையா என்று. அது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு, எனக்கு அட்டை போதும் என்று வெடுக்கென்று சொன்னேன். நான் வெடுக்கென்று பேசினால் யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. அந்தக் குணத்தை அம்மாவிடமிருந்து பெற்றேன். கிட்டங்கி முதலாளிகளிடம் அவளுக்கு அது உதவியது.

அட்டைக்கு ஐந்து வருட ஆயுள். அது முடிவதற்கு முன்னால் அங்கே போய்ப் புதுப்பித்துக்கொண்டால் போதும் என்றார் இக்கா. அதற்குத் தோதாகத் தேதியும் பார்த்து வைத்திருந்தேன். கோட்டு வெயிலில் கிடந்தது. அந்த வாரம் அம்மாவுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிற அம்மாவை இத்தாவிடம் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தபோது அட்டையின் தேதி முடிந்திருந்தது. எனக்குப் பெரிய பதற்றம் எதுவும் இல்லை. ஆதார் அட்டையைப் புதுப்பிக்கிற மாதிரி ஏதாவது வழி இருக்கும் என்று எர்ணாகுளத்தில் ஒரு விசா ஆலோசனை அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே இருந்தவள் சின்னப் பெண். சேச்சி, சேச்சி என்று இனிமையாகப் பேசினாள். என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். முத்திரைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"சேச்சி, இதெல்லாம் டூர் போயதாணோ?"

டூரா என்று கேட்டாள். நான் ஆறு மாதச் சட்டத்தை விளக்கினேன். அவளுக்கே தெரியாத விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கிற தோரணையில்தான் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெதுவாகப் பாஸ்போர்ட்டை மூடி வைத்தாள்.

"அது கல்ஃபல்லே சேச்சி."

அது வளைகுடாக் கணக்கு அல்லவா என்றாள். பிறகு அவள் சொன்னது இதுதான். கனடாவில் ஆறு மாதக் கணக்கே கிடையாது. எத்தனை முறை போனோம், எப்போது போனோம் என்று யாரும் பார்ப்பதில்லை. கடைசி ஐந்து வருடத்தில் மொத்தமாக இரண்டு வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும். விட்டுவிட்டும் இருக்கலாம், சேர்ந்தாற்போலவும் இருக்கலாம். எனக்கு முதலில் இருந்த ஒரு வருடமும், இந்தப் பத்துப் பத்து நாட்களும்தான். எப்படிக் கூட்டினாலும் வராது. ஒரு தடவைகூட இங்கே வந்து போகாமல் இன்னொரு வருடம் அங்கே இருந்துவிட்டு, அதன் பிறகு மூன்று வருடம் தொடர்ந்து அம்மாவோடு இங்கேயே இருந்திருக்கலாம். அட்டை அப்படியே இருந்திருக்கும்.

நான் தண்ணீர் கேட்டேன். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண், உண்மையை மறைக்கத் தெரியாதவள். இன்னொன்றும் சொன்னாள். கடைசி முறை அங்கே இருந்தபோது திரும்பாமல் அங்கேயே தங்கி, சத்தம் போடாமல் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தால், பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றாள். உள்ளே இருந்திருக்கிறேன். உள்ளே இருந்து, ரிட்டர்ன் டிக்கெட்டைத் தலையணை அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

ஒரு வழி உண்டு என்றாள். மனிதாபிமான அடிப்படையில் கேட்கலாம். தாய்க்கு நோய், பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை, அதனால்தான் அங்கே இருக்க முடியவில்லை என்று காரணம் காட்டி, திரும்பிப் போவதற்கான பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். டாக்டரிடம் சான்று வாங்கினேன். அம்மாவைக் கட்டிலில் வைத்துப் படம் எடுத்தேன். படத்துக்காக இத்தா அம்மாவுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டாள். நோயாளி மாதிரி தெரிய வேண்டும் என்று நான் அந்தப் பூவை எடுத்தேன். என் தாயை என்னைத் தவிர வேறு யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஆஸ்பத்திரி ஷிஃப்டில் இடைவேளை விட்டால் போனைப் பார்ப்பேன். திரும்பிப் போனதும் எழுத வேண்டிய அடுத்த தேர்வுக்குப் பழைய புத்தகங்களைக்கூட எடுத்துத் தூசி தட்டினேன். அத்தனை வருடமும் நான் ஒன்றைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். என்றைக்காவது அம்மா இல்லாமல் போகிற நாளில், எனக்கென்று அங்கே ஒரு வாழ்க்கை மிச்சம் இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை நினைத்துக்கொண்டுதான் அம்மாவின் மலம் அள்ளினேன்.

பதில் மறுப்பாக வந்தது. காரணம் சின்னதாக, சுத்தமாக எழுதியிருந்தது. விண்ணப்பதாரர் பலமுறை தாயை மற்றொருவரின் பராமரிப்பில் விட்டுவிட்டு வந்து போயிருக்கிறார். ஆகவே மாற்றுப் பராமரிப்புக்கு வழி இருந்திருக்கிறது. வழி இருந்தும் அவர் இங்கே தங்கவில்லை.

திரும்பத் திரும்பப் படித்தேன். எழுதியவரைத் திட்டலாம் என்று பார்த்தேன், திட்டுவதற்கு ஒரு பிழை கிடைக்கவில்லை. அட்டையைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு முறையும் போனேன். அப்படிப் போனதே எனக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. நான் ஒருமுறைகூடப் போகாமல் அம்மாவின் கட்டிலோடு கிடந்திருந்தால், பாவம் என்று இரங்கியிருப்பார்களோ என்னவோ.

மேல்முறையீடு செய்யலாம் என்றாள் எர்ணாகுளத்துப் பெண். அதற்குக் காலக்கெடு உண்டு. ஆனால் அங்கேயும் இதே கேள்விதான் வரும், அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்றாள். நீங்கள் போன நாட்களில் அம்மாவின் நிலை மோசமானது என்று, பார்த்துக்கொண்டவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். சாப்பிடவில்லை, புண் வந்தது, தன்னால் சமாளிக்க முடியவில்லை என்று அவர் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் வரும்போதே மலையாளத்தில் மனசுக்குள் எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் இறக்கிக்கொண்டு, மாடிக்குப் போகாமல் நேரே இத்தாவின் அடுக்களைக்குப் போனேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சாயா போட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். படிக்கச் சொன்னாள். அவளுக்குக் கண்ணாடி கையில் இல்லை.

படித்தேன். நோயாளியை என்னால் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. மகள் இல்லாத நாட்களில் நோயாளி உணவு எடுக்க மறுத்தார். சரியாகத் திருப்பிப் படுக்க வைக்காததால் படுக்கைப் புண் உண்டானது.

இத்தா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"புண்ணோ? என்டெ கையில் கிடந்நப்போ அம்மைக்குப் புண்ணு வந்நோ மோளே?"

தன் கையில் கிடந்தபோதா அம்மாவுக்குப் புண் வந்தது என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தனக்கே தெரியாமல் அப்படி ஏதாவது நடந்துவிட்டதோ என்ற பயத்தோடு கேட்டாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை இத்தா, வந்ததில்லை என்றேன்.

கழுவிய மீனை அவள் ஒரு தட்டால் மூடி வைத்தாள். பிறகு ஈரக் கையை மறுபடி துடைத்தாள்.

"பேனா தா. ஒப்பிட்டுத் தராம். நின்டெ காரியம் நடக்கட்டே."

கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், உன் காரியம் நடக்கட்டும் என்றாள். பேனா என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் இத்தா என்று எழுந்துவிட்டேன். சாயாவைக் குடித்தேனா என்று நினைவில்லை. அந்த நாளைக்கு வரவே இல்லை. காலக்கெடு முடிகிற அன்று ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு வேலை பார்த்தேன். இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கையெழுத்து வாங்கிய பிறகும் அவள் சமைத்த மீனை நான் தின்ன வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

இக்கா வாசல்படியில் உட்காருவதை விட்டுவிட்டார். நான் படியிறங்குகிற சத்தம் கேட்டால் உள் அறைக்குள் போய்விடுகிறார். வளைகுடாவுக்கு அத்தனை வருடம் தானும் இப்படித்தானே போய்வந்தது, தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இத்தாவிடம் புலம்புவாராம். அவரைக் கூப்பிட்டு, உங்கள் மேல் தப்பில்லை இக்கா என்று சொல்லலாம். இன்னும் சொல்லவில்லை. தப்பு யார்மேல் என்று நானே இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்மாவிடமும் சொல்லவில்லை. கனடாக்காரியின் அம்மா என்ற ஒன்றுதான் அவளுக்கு மிச்சம் என்று நினைத்தேன். பாதி உடம்போடு கிடக்கிறவளிடம் அதையும் பிடுங்க வேண்டுமா?

ஆனால் அம்மாவுக்குக் கணக்கு தெரியும். கோட்டு இறங்க வேண்டிய காலம் எப்போதோ தாண்டியிருந்தது. மழைக்காலம் முடிந்து வெயில் வந்தது, கோட்டு அலமாரி மேலேயே கிடந்தது. ஒருநாள் மத்தியானம் கஞ்சியும் பயறும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலப் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். கண் அலமாரி மேல் போனது. அப்புறம் என் முகத்துக்கு வந்தது.

"எத்தன மாசம்?"

"இல்லம்மா."

"எத்தன?"

"இனி போறதில்லம்மா. எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனி அங்க என்னைய உள்ள விடமாட்டாங்க."

சொன்னதும் அவள் உடைந்துவிடுவாள் என்று நினைத்தேன். தாங்கிப் பிடிக்கத் தோளில் கையும் வைத்துவிட்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த முகத்தில் அசைகிற பாதி மெல்ல விரிந்தது. அவளுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து நான் பார்த்திராத சிரிப்பு. இடது கையை நீட்டி என் தாடையைப் பிடித்தாள்.

"நல்லது" என்றாள். அந்தச் சொல் அவளுக்குத் திரும்பி வந்திருந்ததே எனக்குத் தெரியாது.

கிண்ணத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் நின்றேன். அந்த நிமிடம் அவளை வெறுத்தேன். என் வாழ்க்கை போய்விட்டது என்று சொல்கிறேன், இவள் சிரிக்கிறாள். கீழே இத்தா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எதிர்வீட்டில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஓடிப் போகலாம் என்றால் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்தேன். சந்து ஒரு பக்கம் பஜாரில் முடிகிறது, மறுபக்கம் காயலில் முடிகிறது.

கஞ்சி ஆறிவிடும் என்று உள்ளே போனேன். அம்மா எனக்காகக் காத்திருந்தாள். கரண்டியை எடுத்ததும் தானாகவே வாயைத் திறந்தாள். அடுத்த வாய்க்கும் திறந்தாள். கிண்ணத்தில் ஒரு பருக்கை மிச்சம் இல்லை. காலிக் கிண்ணத்தைக் காட்டினேன். இன்னும் வேண்டும் என்று மறுபடி வாயைத் திறந்தாள்.